எல்லாம் வருது... அது மட்டும் வரலை!

இன்டர்நெட் மொத்தமாகப் போய்விட்டால் ஒரு வகையில் நிம்மதி. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி, ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்ததே, அப்போது எங்கள் தேங்காய்த்திட்டில் ‘ஏன் நெட் வரலை?’ என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. காரணம் வாசல்படி வரை வந்து நின்றுகொண்டிருந்தது.

கஷ்டம் எப்போது தெரியுமா? யூடியூப் வருகிறது. வாட்ஸ்அப் வருகிறது. பாட்டியின் பக்திச் சேனல்கூட ஜோராக வருகிறது. நமக்கு அவசரமாக வேண்டிய ஒன்றே ஒன்று மட்டும் வராமல் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அப்போதுதான் மனிதன் மோடத்தை அணைத்து, பத்து எண்ணி, மறுபடி போடுகிறான். வரவில்லை என்றால் இருபது எண்ணுகிறான். முப்பது வரை எண்ணியவர்களை எனக்குத் தெரியும்.

மரப்பாலம் சந்திப்பிலிருந்து துறைமுகம் போகும் பக்கம் எங்கள் தெரு. நாலு வீடு தள்ளி ஒரு தம்பி. சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை. வீட்டில் இருந்தபடியே பார்க்கிறான். ஆறு மாத ப்ரொபேஷனில் ஐந்தாவது மாதம். ஒரு வாரமாக அவன் வீட்டு வை-ஃபையில் எல்லாம் வந்தது, அவன் கம்பெனியின் வேலைத் தளம் மட்டும் வரவில்லை. போன் சிம்மை வைத்து ஒப்பேற்றிப் பார்த்திருக்கிறான். டேட்டா தீர்ந்த இரண்டு நாள் வேலை நின்றுவிட்டது. டீம் லீடர் போன் போட்டார்.

“யூடியூப் வருதுங்கற, ஜிமெயில் வருதுங்கற... நம்ம சர்வர் மட்டும் உன் வீட்டுக்கு வராதாக்கும்? நல்லா கதை சொல்ற தம்பி!”

இரண்டு நாள் சம்பளம் கட். ப்ரொபேஷனை நீட்டலாமா என்று எச்.ஆர். யோசிப்பதாகவும் தகவல். தம்பி லாப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். ஒரு சின்ன ஆபீஸில் பதினைந்து பேருடைய கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம் பார்ப்பது என் பிழைப்பு; அதனால் தெருவுக்கும் நான்தான் டாக்டர்.

“அண்ணா, பொய் சொல்றேன்னு நினைக்கறாங்க. நீங்களாவது நம்பறீங்களா?”

நம்பினேன். நல்ல பையன் என்பதால் மட்டும் இல்லை. டீம் லீடர் சொன்னதுதான் தப்பு. அவர் இன்டர்நெட்டை முனிசிபல் தண்ணீர்க் குழாய் என்று நினைக்கிறார். ஒரு குழாயில் வந்தால் எல்லாக் குழாயிலும் வரவேண்டும். இது குழாய் இல்லை ஸார், பஸ் ஸ்டாண்டு! புதுச்சேரியில் சென்னை பஸ் கிளம்பிவிட்டது என்பதால் கும்பகோணம் பஸ்ஸும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தமா? வழியில் மரம் விழுந்திருக்கலாம். கும்பகோணத்தில் ஸ்டாண்டையே மூடியிருக்கலாம். கண்டக்டர் ஊர்ப் போர்டை மாற்றி மாட்டியிருக்கலாம். சென்னை பஸ்ஸைப் பார்த்து இதில் எதையும் சொல்ல முடியாது.

எனவே மோடத்தை விட்டுவிடுங்கள், அது பாவம். முதல் காரியம், போனில் வை-ஃபையை அணைத்துவிட்டு சிம் டேட்டாவில் அதே தளத்தைத் திறந்து பாருங்கள். அங்கேயும் வரவில்லையென்றால் பெரும்பாலும் கும்பகோணம் ஸ்டாண்டே மூடியிருக்கிறது. நீங்கள் செய்யக்கூடியது காபி போடுவதுதான்.

அப்படி மூடுவார்களா என்று கேட்காதீர்கள். 2021 அக்டோபர் 4, இரவு ஒன்பது மணிக்கு மேல் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகம் முழுக்கப் படுத்தன. சுமார் ஆறு மணி நேரம். பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு கட்டளை, அவர்களுடைய கம்ப்யூட்டர் மையங்களை இணைக்கும் முதுகெலும்பையே துண்டித்துவிட்டது. உடனே ‘ஃபேஸ்புக் இந்த வழியில் இருக்கிறது’ என்ற அறிவிப்பும் உலகத்திலிருந்து வாபஸ் ஆகிவிட்டது. ரிப்பேர் பண்ணப் போன எஞ்சினீயர்கள் கட்டிடத்துக்குள் நுழையவே திண்டாடினார்கள் என்று செய்தி! அன்று ராத்திரி நம்ம ஊரில் எத்தனை மோடங்கள் அநியாயமாக அணைக்கப்பட்டிருக்கும்?

2025 தீபாவளி ஞாபகமிருக்கிறதா? அக்டோபர் 20. எண்ணெய்க் குளியல் முடிந்து, பலகாரம் முடிந்து, மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல் ஸ்னாப்சாட், கான்வா, சிக்னல் என்று பலதும் தடுமாற ஆரம்பித்தன. அமேசான் நிறுவனம் மற்றவர்களுக்கு வாடகைக்கு விடும் கம்ப்யூட்டர்களில், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கும் மையத்தில் கோளாறு. அங்கே விலாசப் பட்டியலைப் புதுப்பிக்கும் இரண்டு தானியங்கி புரோகிராம்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, ஒரு முக்கியமான பெயருக்கு எதிரே விலாசமே இல்லாமல் காலியாக விட்டுவிட்டன. அவ்வளவுதான் விஷயம். பாதி உலகம் தேடியது ஒரு காலி வரியை!

சரி, தம்பி கேஸுக்கு வருவோம். சிம் டேட்டாவில் அவன் கம்பெனித் தளம் பளிச்சென்று வந்தது. ஆக, ஸ்டாண்டு திறந்துதான் இருக்கிறது. என் லாப்டாப்பை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் வை-ஃபையில் என் லாப்டாப்பிலும் வரவில்லை. பிரவுசரின் இன்காக்னிட்டோ ஜன்னலிலும் வரவில்லை. ஆக, அவன் லாப்டாப்பும் நிரபராதி. குற்றம் வீட்டுப் பெட்டிக்கும் சென்னைக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது.

நடுவில் முதல் சந்தேகம் எப்போதும் ஊர்ப் போர்டு மேல்தான். நாம் தளத்துக்குப் பெயர் சொல்கிறோம். கம்ப்யூட்டருக்கு வேண்டியது எண். பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லும் ஏற்பாட்டை பால் மொகாபெட்ரிஸ் என்பவர் 1983-ல் வடிவமைத்தார். டி.என்.எஸ். என்பார்கள். சாதாரணமாக நமக்கு இந்தச் சேவையைச் செய்வது நெட் கனெக்‌ஷன் கொடுத்த கம்பெனி. அவர்கள் பட்டியலில் ஒரு வரி கெட்டால், அந்த ஒரு தளம் மட்டும் நமக்கு உலகத்திலேயே இல்லை. பரிசோதிப்பது சுலபம்: கூகுள் 2009-ல் தொடங்கிய 8.8.8.8, அல்லது கிளவுட்ஃப்ளேர் 2018 ஏப்ரல் 1-ஆம் தேதி தொடங்கிய 1.1.1.1 என்ற எண்ணை வை-ஃபை செட்டிங்கில் டி.என்.எஸ். என்று கேட்கிற இடத்தில் போட்டுப் பாருங்கள். (ஏப்ரல் ஒன்று என்றதும் நிறையப் பேர் ஏமாற்றுகிறார்கள் என்றே நினைத்தார்கள்!) போட்டவுடன் தளம் வந்தால் போர்டுதான் கோளாறு.

சில சமயம் போர்டைக் கோளாறு எடுப்பதில்லை, கோர்ட் எடுக்கிறது. இதில் நம்ம பக்கத்துக்கு ஒரு சரித்திரமே உண்டு. ‘கொலவெறி’ பாட்டால் உலகப் புகழ் பெற்ற ‘3’ படம் 2012 மார்ச் கடைசியில் ரிலீஸ் ஆனது. திருட்டுப் பிரதி நெட்டில் வரக்கூடாது என்று தயாரிப்பாளர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். திருடப்போகிறவர் யாரென்று தெரியாதே? அதனால் பிரதிவாதிப் பெயர் ‘அசோக் குமார்’! பெயர் தெரியாத ஆசாமிக்கு மேல்நாட்டில் ‘ஜான் டோ’ என்று வைப்பார்கள். நம் நாட்டில் அசோக் குமார். (உண்மையான அசோக் குமார்கள் அன்று எப்படித் தூங்கினார்களோ!)

தடை கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சில நெட் கம்பெனிகள் என்ன செய்தன என்றால், திருட்டுப் படம் இருந்த பக்கத்தை மட்டும் மூடாமல் விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் என்று தளங்களையே மொத்தமாக மூடிவிட்டன. ஒரு வீட்டில் திருட்டுச் சாமான் இருக்கிறது என்று தெருவையே அடைத்த கதை. 2012 மே மாதம் தன் சொந்தப் படத்தை விமியோவில் போட்டிருந்தவர்கள், பேஸ்ட்பின்னில் குறிப்பு வைத்திருந்த புரோகிராமர்கள் எல்லாம் மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டார்கள். ஒரு கம்பெனி கனெக்‌ஷனில் வரும், பக்கத்து வீட்டில் வேறு கம்பெனி, அங்கே வராது. ஜூன் மாதம் அதே நீதிமன்றம், குறிப்பிட்ட பக்கத்தின் முகவரிக்குத்தான் தடை, தளம் முழுவதற்கும் இல்லை என்று தெளிவுபடுத்தியது.

அதோடு முடிந்ததா? 2014 டிசம்பரில் பயங்கரவாதப் பிரசாரம் என்று சொல்லி அரசு 32 தளங்களை மூடச் சொன்னதில் புரோகிராமர்களின் கிட்ஹப்பும் மாட்டியது. 2017 ஆகஸ்டில் இரண்டு இந்திப் படங்களுக்காக மறுபடி சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு. இரண்டாயிரத்துச் சொச்சம் தளங்கள் கொண்ட அந்தப் பட்டியலில், பழைய புத்தகங்களையும் பழைய இணையப் பக்கங்களையும் காப்பாற்றி வைக்கும் ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ நூலகமும் அகப்பட்டுக்கொண்டது. ஒரு தளம் மட்டும் வரவில்லை என்று ஒருவன் சொன்னால், நம்ம ஊரில் அவனைப் பொய்யன் என்று சொல்வதற்கு முன்னால் நான் கொஞ்சம் யோசிப்பேன்.

தம்பி வீட்டில் போர்டு சரியாகவே இருந்தது. 8.8.8.8 போட்டும் அதே எண், அதே சக்கரம். அடுத்தது பிங்.

எங்கள் துறைமுகத்து விசைப்படகுகளில் எக்கோ சவுண்டர் என்று ஒரு கருவி பார்க்கலாம். தண்ணீருக்குள் சத்தம் அனுப்பும். எதிரொலி வருகிற நேரத்தை வைத்து ஆழம் எவ்வளவு, மீன் கூட்டம் இருக்கிறதா என்று சொல்லும். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் சோனாரும் இதே ஜாதிதான். அதன் சத்தத்தையே பெயராக வைத்து 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய சின்ன புரோகிராம் ‘பிங்’. விண்டோஸில் அந்தக் கறுப்பு ஜன்னலைத் திறந்து பிங் என்று அடித்து, தளத்தின் பெயரைப் போட்டால் போதும். போட்டேன். சென்னையிலிருந்து பதில் டாண் டாண் என்று வந்தது!

“அண்ணா, அப்போ வழியும் சரியா இருக்கே?” என்றான் தம்பி. முகம் செத்துப் போயிருந்தது. எல்லாம் சரியாக இருப்பது அவனுக்குத்தான் ஆபத்து.

அப்போது அவனுடைய அம்மா டீ கொண்டுவந்தார். நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். கம்ப்யூட்டர் வைத்தியத்தில் பாதி இந்தக் கேள்விதான்: “அக்கா, எந்தக் கிழமையிலேர்ந்து வரலை? அதுக்கு முன்னாடி வீட்ல என்ன மாத்துனீங்க?”

“நாங்க எதையும் தொடலையேப்பா. போன திங்கக்கிழமை இடி இடிச்சு லைட்டு எரியலைன்னு கம்பெனிக்காரங்க வந்து பழைய பொட்டிய எடுத்துட்டுப் புதுப் பொட்டி வச்சுட்டுப் போனாங்க. அவ்ளோதான்.”

அவ்வளவுதான்! தம்பிக்கு இது தோன்றவே இல்லை. புதுப் பெட்டி வந்தபிறகு யூடியூப் வந்துவிட்டது, எனவே பெட்டி நல்ல பெட்டி.

இங்கே ஒரு வைக்கோல் லாரியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நெட்டில் எல்லாச் சரக்கும் மூட்டை மூட்டையாகத்தான் போகும். சாதாரண ரோட்டில் ஒரு மூட்டை அதிகபட்சம் 1500 பைட் இருக்கலாம். ஆனால் யூசர் நேம், பாஸ்வேர்டு கொடுத்து நுழைகிற பெரும்பாலான வீட்டுக் கனெக்‌ஷன்களில் ஒவ்வொரு மூட்டைக்கும் எட்டு பைட் உறை ஒன்று கூடுதலாகப் போடுகிறார்கள். 1999-ல் வகுத்த முறை, பி.பி.பி.ஓ.இ. என்று வாயில் நுழையாத பெயர். ஆக, உள்ளே சரக்குக்கு மிச்சம் 1492. ரயில்வே சுரங்கப் பாலத்தில் உயரத் தடுப்புக் கம்பி இருக்குமே, அந்த மாதிரி. வீட்டுப் பெட்டிக்கு இந்த அளவு தெரிந்திருந்தால், ‘எங்கள் பாலம் தாழ்வு, சின்ன மூட்டையாகவே அனுப்புங்கள்’ என்று எதிர்முனைக்கு முதலிலேயே சொல்லிவிடும். புதுப் பெட்டியில் வைத்துவிட்டுப் போன எண் 1500. அது வாயைத் திறக்கவில்லை.

அப்படியும் ஒரு பாதுகாப்பு உண்டு. பெரிய லாரி பாலத்தில் நின்றால், அங்கே இருக்கும் காவலாளி அனுப்பியவருக்கு ஒரு சீட்டு எழுதிப் போடுவார்: ‘பெரிசா இருக்கு, குறைச்சு அனுப்பு.’ மற்ற தளங்கள் சீட்டைப் படித்துக் குறைத்துக்கொண்டன. யூடியூப் மாதிரிப் பெரிய கடைகள் இப்போதெல்லாம் மூட்டையையே சின்னதாகத்தான் கட்டுகின்றன. தம்பியின் கம்பெனி வாசலில் ஒரு செக்யூரிட்டி புரோகிராம். பிங்குக்குப் பதில் சொல்லலாம், மற்ற சீட்டையெல்லாம் கிழித்துப் போடு என்று அதற்கு உத்தரவு. எனவே சர்வர் அதே பெரிய லாரியை மறுபடி மறுபடி அனுப்புகிறது, பாலத்தில் அது நிற்கிறது, சீட்டு கிழிகிறது, தம்பியின் திரையில் சக்கரம் சுற்றுகிறது. சின்ன பிங் மட்டும் சைக்கிள் மாதிரி பாலத்துக்கு அடியில் சுகமாகப் போய் வருகிறது! நெட்வொர்க்காரர்கள் இதற்கு ‘கருந்துளை’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

நிரூபிக்க இரண்டு நிமிஷம். பிங் என்று அடித்து, ஒரு சிறுகோடு போட்டு எஃப், இன்னொரு சிறுகோடு போட்டு எல், பிறகு மூட்டையின் அளவு, கடைசியில் தளத்தின் பெயர். எஃப் என்றால் ‘வழியில் பிரிக்காதே’. எல் என்றால் அளவு. எழுத்து சின்ன எழுத்தாகவே இருக்கட்டும். 1472 போட்டேன். (தலைப்புச் சீட்டு 28 சேர்த்தால் 1500.) பதிலே இல்லை. 1464 போட்டேன், 28 சேர்த்தால் 1492. டக்கென்று பதில்! தம்பி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான். லாப்டாப்பிலேயே மூட்டை அளவை 1492 என்று குறைத்து வைத்தோம். கம்பெனித் தளம், ஒன்றுமே நடக்காத மாதிரி திறந்தது.

அன்றே அவன் டீம் லீடருக்கு ஒரு மெயில் போட்டான். அழுகை, கெஞ்சல் எதுவும் இல்லை, நான் போடவிடவில்லை. படங்கள் மட்டும்: சிம்மில் வருகிறது, வை-ஃபையில் வரவில்லை, 1464-க்குப் பதில் இருக்கிறது, 1472-க்கு இல்லை, குறைத்த பிறகு வருகிறது. மூன்றாம் நாள் கம்பெனியின் நெட்வொர்க் ஆசாமியே இவனைக் கூப்பிட்டார். வேறு ஊர்களிலிருந்து வேலை பார்க்கும் இரண்டு பேருக்கும் இதே தொல்லையாம். எதற்கு வம்பு என்று சொந்தக் காசில் டேட்டா போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்களாம். வாசல் செக்யூரிட்டியின் உத்தரவைத் திருத்தினார்கள். தம்பிக்குப் பிடித்த சம்பளம் திரும்பி வந்தது. டீம் லீடரிடமிருந்து ‘நோட்டட்’ என்று ஒரு வார்த்தை வந்தது. ஆபீஸ்களில் மன்னிப்பு அந்த ரூபத்தில்தான் வரும்.

எல்லாக் கேஸும் இவ்வளவு சுவாரஸ்யமாக இருக்காது. சில சமயம் ஒண்டுக்குடித்தனத் தகராறு. இன்டர்நெட்டில் பழைய முறை விலாசங்கள் மொத்தமே சுமார் 430 கோடி. ஆசிய-பசிபிக் வட்டாரத்துக்கான கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே அடித்தட்டுக்கு வந்துவிட்டது. அதனால் நெட் கம்பெனிகள் பல வீடுகளை ஒரே கதவு எண்ணில் குடிவைக்கின்றன. அதில் ஒரு குடித்தனக்காரர் ஏதாவது தளத்தில் வாலாட்டினால், தளக்காரர் அந்தக் கதவு எண்ணையே தள்ளிவைத்துவிடுவார். நீங்கள் பாட்டுக்கு ராமா கிருஷ்ணா என்று இருப்பீர்கள். உங்களுக்கும் கதவு அடைபடும். பெட்டியை அணைத்துப் போட்டால் சில சமயம் வேறு கதவு எண் கிடைக்கும். மோடத்தை அணைப்பதற்கு ஒரு நியாயம் உண்டென்றால் இதுதான்.

நெட் கம்பெனிக்குப் புகார் சொல்லும்போது ஒரு ஜாக்கிரதை. “ஸார், ஸ்பீடு டெஸ்ட் போடுங்க ஸார்... நூறு வருதா? அப்போ லைன் ஓகே ஸார்” என்பார்கள். ஸ்பீடு டெஸ்ட் வழக்கமாகப் பக்கத்தில் இருக்கும் ஒரு சர்வரிடம் கேட்டுச் சொல்வது. மரப்பாலம் வரை ரோடு நன்றாக இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி, கும்பகோணத்துக்கு இல்லை. அடுத்து, “பெட்டிக்குப் பின்னால சின்ன ஓட்டை இருக்கும் ஸார், குண்டூசியால குத்துங்க” என்பார்கள். குத்தாதீர்கள்! உள்ளே எழுதி வைத்த யூசர் நேம், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்து, ஆள் வந்து மறுபடி போடும் வரை எதுவுமே வராமல் போகலாம்.

தம்பி சொன்ன மாதிரிச் சொல்லுங்கள்: “மற்றதெல்லாம் வருது. இந்தத் தளம் மட்டும் இந்தத் தேதியிலேர்ந்து வரலை. சிம்முல வருது. டி.என்.எஸ். மாத்திப் பார்த்தாச்சு. 1464 போகுது, 1472 போகலை.” அவனுக்கு எதிர்முனையில் அரை நிமிஷம் மௌனம், பிறகு மேலதிகாரி வந்தார், மறுநாளே ஆள் வந்து பெட்டியில் எண்ணை மாற்றினார். அப்படி யாரும் வராவிட்டால், புகாருக்கு அவர்கள் கொடுத்த டாக்கெட் எண்ணைக் குறித்து வைத்திருங்கள். 2012-ல் டிராய் கொண்டுவந்த விதிப்படி, கெடுவுக்குள் தீராத புகாரை 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்குக் கொண்டுபோகலாம். மனுவுக்குக் கட்டணம் கிடையாது.